தண்ணி டேங்குக்கு மேல ரெண்டு நட்சத்திரம்

தப்பு என்னுதுதானுங்க. ஊருக்குள்ள பத்துப் பேரு பத்து விதமாச் சொல்லுவாங்க, ஐயரு அவசரப்பட்டுப் போனதுதான் காரணம்பாங்க, வீடியோக்காரன்தான் காரணம்பாங்க, பொண்ணு பொறந்த நேரம் அப்பிடிம்பாங்க, அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க, கையை நீட்டுனவன் நான். சங்ககிரி போற ரோட்டுல ஆலாம்பட்டிப் பிரிவுல லாரி எடை மேடை வெச்சிருக்கற சென்னியப்பன்னு கேட்டா சின்னக் கொழந்தையும் வழி சொல்லும். முப்பது வருசத்துல எடையில ஒரு தப்புச் சொல்லாதவன், தெசையில தப்புப் பண்ணிப் போட்டேன்.

எங்கக்கா மக கோகிலவாணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அர்த்தநாரி, போர் போடற வண்டிக்காரரு, ராய்ப்பூரு, வாரங்கல்லுன்னு மாசக்கணக்குல போயி அங்கத்த பாறையில ஓட்டை போட்டுத் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வர்றவரு. நல்ல வாட்டசாட்டம், செவத்த மொகம், சிரிச்சா நாலு வீட்டுக்குக் கேக்கும். எங்க புள்ளை ஈர்க்குச்சி. நிச்சயத்தன்னிக்கு வெளையாட்டா ரெண்டு பேரையும் எடை மேடை ஓரத்துல கெடக்கற மூட்டைத் தராசுல ஏத்திப் பாத்தோம்: அவரு நூத்தி நாலு கிலோ, இவ நாப்பத்தொண்ணு. "ரெண்டும் சேந்து நூத்தி நாப்பத்தஞ்சு, எந்தச் செக்போஸ்ட்லயும் ஓவர்லோடு கேஸு வராது, தைரியமாப் போங்க"ன்னு நான்தான் கேலி பண்ணுனேன். அந்த நூத்தி நாப்பத்தஞ்சை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

தாலி கட்டி, அம்மி மிதிச்சு, மெட்டி போட்டு, அடுத்தது அருந்ததி காட்டணும். காலையில ஒம்பதரை மணி, வெயிலு சுள்ளுங்குது. ஐயருக்கு அடுத்த முகூர்த்தம் வேற ஊர்ல. மொபெட்டைக் கெளப்பிக்கிட்டே, "தாய்மாமன் நீங்களே வெளில அழைச்சிண்டு போயி வடக்க கையை நீட்டிக் காட்டிடுங்கோ, தெரியறதான்னு கேளுங்கோ, தெரியறதும்பா, அவ்வளவுதான்"னுட்டுப் போயிட்டாரு. அவரு சொன்னதும் நெசந்தானுங்களே, பட்டப்பகல்ல எவளுக்கு அருந்ததி தெரிஞ்சிருக்கு? எங்கம்மாளுக்குத் தெரியல, எங்கக்காளுக்குத் தெரியல, எம்பட ஊட்டுக்காரி பாவாயிக்குத் தெரியல, எல்லாரும் குனிஞ்ச தலையோட "தெரியுது"ன்னு ஒரு பொய்யச் சொல்லித்தான் குடும்பத்தையே ஆரம்பிச்சாங்க. நானும் வெளிய கூட்டியாந்து வடக்க திரும்புனேன். வீடியோக்காரன் விட்டானா? "மாமா, வடக்க பாத்தா மூஞ்சி இருட்டா விழுகுது, கெழக்கால திரும்புங்க, நல்லா வெயிலடிக்கட்டும்"னான். வாய் நெறய வெத்தலை, கூட்டம் பூராச் சாப்பாட்டுக்கு அவசரப்படுது. திரும்பி, பஞ்சாயத்துத் தண்ணி டேங்குக்கு மேல கையை நீட்டி, "தெரியுதா கண்ணு?"ன்னேன்.

இவ பாத்தா. நெத்தியில கையை அண்டக் குடுத்துக்கிட்டு, கழுத்து மாலையை ஒதுக்கிக்கிட்டு, நெசமாலுமே பாத்தா. "தெரியுதுங்க மாமா. ஆனா அருந்ததி மாதிரி இல்லீங்க. செவப்பா பெருசா ஒண்ணு, ஒட்டுனாப்புல வெள்ளையா சிறுசா ஒண்ணு. பெருசுல இருந்து சிறுசுக்கு என்னமோ ஒழுகீட்டே இருக்குதுங்க"ன்னா. கூட்டமே சிரிச்சுது. "ஒழுகுனா ஒழுகட்டும், பந்தியில ரசம் ஆறுது, வாங்க"ன்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்.

ஒரு மாசத்துலயே அர்த்தநாரிக்குப் பேன்ட்டு லூசாச்சு, இவளுக்கு ஜாக்கெட்டு இறுகுச்சு. பொண்ணுக பழமை பேசுனாங்க, முழுகாம இருக்கான்னு பேரு கூட வெச்சுட்டாங்க. நான் எடைக்காரன், எனக்கு நாக்கு வேண்டாம், முள்ளு போதும். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரையும் தராசுல ஏத்துனேன். அவரு நூத்தி மூணு, இவ நாப்பத்திரெண்டு. அடுத்த மாசம் நூத்தி ஒண்ணு, நாப்பத்தி நாலு. எப்பக் கூட்டுனாலும் நூத்தி நாப்பத்தஞ்சு, அரைக்கால் கிலோ ஏறல, எறங்கல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, இவரோடது அவளுக்குப் போயிட்டு இருக்குதுன்னு. ஊருக்கும் புரிஞ்சுது. "கட்டுன பொண்டாட்டிக்குத்தான குடுக்கறான், கண்டவளுக்கா குடுக்கறான்"னுட்டு அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிட்டாங்க.

அந்தக் காலம் நல்ல காலமுங்க. அவரு எடை எறங்க எறங்க, அவருக்கும் அவளுக்கும் நடுவுல இருந்த ரோடு சுருங்கிட்டே வந்துச்சு. ராய்ப்பூர்ல இருந்து மூணு நாள் ஓட்டம், அது ரெண்டு நாளாச்சு, ஒரு நாளாச்சு, அப்பறம் அங்க காலை டிபனை முடிச்சுட்டுக் கெளம்புனா இங்க மத்தியானச் சோத்துக்கு எலை போட்டு உக்காந்திருப்பாரு. "குறுக்கு வழியெல்லாம் இல்லீங்க, எல்லாக் கிலோமீட்டர் கல்லையும் எண்ணித்தான் வந்தேன், கல்லுதான் ஒண்ணுக்கொண்ணு கிட்டக் கிட்ட நிக்குது"ம்பாரு. பின்னாடியே அதே ரோட்டுல வர்ற இன்னொரு வண்டிக்கு அதே மூணு நாள்தான் ஆகும். ரெண்டாவது வருசம் ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, அவரு எழுவத்திரெண்டரை, இவளும் எழுவத்திரெண்டரை. அந்த வாரம் அவரு ராய்ப்பூர்ல அறுநூறடி ஆழத்துக்குப் போர் போட்டுட்டு இருந்தாரு, இவ இங்க சமையக்கட்டுச் சன்னல் வழியா முந்தானையை நீட்டி அவரு மொகத்துல இருந்த கல்லுத் தூளைத் தொடைச்சு விட்டா. எங் கண்ணால பாத்தேன். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தா தூக்குப் போசியைத் தூக்கிட்டு ஓடியாந்து, "எங்க ஊட்டுக்காரரும் அந்த வண்டியிலதான் இருக்கறாரு, ஒரு வாய் கொள்ளு ரசம் அப்பிடியே தாட்டி உட்டுரு அம்மிணி"ன்னா. நாலு நாள் அந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாரும் அந்தச் சன்னல் வழியா ராய்ப்பூருக்குச் சோறு அனுப்புனாங்க, ஒருத்தரும் வாயப் பொளக்கல.

அப்பவே ஐயரைக் கூட்டியாந்து சரியான நட்சத்திரத்தைக் காட்டி நிறுத்தியிருக்கணும். சந்தோசமா இருக்கறப்ப எவனுங்க நிறுத்தணும்னு நெனைப்பான்? அடுத்த வெள்ளிக்கிழமை அவரு எழுவத்திரெண்டு, இவ எழுவத்திமூணு. அன்னியில இருந்து எல்லாம் தலைகீழாப் போச்சு.

ராய்ப்பூர்ல இருந்து ஊடு வர நாலு நாளாச்சு, ஒம்பது நாளாச்சு, வழியில டீசல் தீந்து தீந்து வண்டி ஓனருக்கே கட்டுப்படியாகல. ஒடம்பும் எளைக்குதுன்னு வேலையை உட்டுப்போட்டு வீட்டோட வந்து உக்காந்தாரு. ஒரே கூரைக்கடியில இருந்தா எங்க போயிரும் தூரம்னு நெனைச்சோம். சமையக்கட்டுல இருந்து கூடத்துக்குப் பத்து எட்டு. அது இருவதாச்சு, நூறாச்சு, இவ காப்பியை எடுத்துட்டுப் போனா ஏடு படிஞ்சு போய்ச் சேந்துச்சு, அப்பறம் ஒரு நாள் காலையில கெளம்புனவ பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துலதான் போய்ச் சேந்தா. வெளிய இருந்து பாத்தா வீடு அதே முப்பதடிதான். முன்வாசல்ல இருந்து பின்வாசலுக்கு நான் சுத்தி வந்தா நாப்பதடி, ஒரு பீடி பத்த வெக்கற நேரம். எனக்கு நாப்பதடி, உங்களுக்கு நாப்பதடி, ஒரு நாய்க்குட்டிக்கும் நாப்பதடி. அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் மூணு நாள் நடை. அவரு கூடத்துல நின்னு பாத்தா சமையக்கட்டுல அவ ஒரு அரிசித் தண்டிதான் தெரிவாளாம், சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு இருப்பாரு.

அதையும் ஊரு பழகிக்கிச்சு. தெருப் பொம்பளைங்க முறை போட்டுக்கிட்டாங்க: திங்கள் கண்ணாத்தா, செவ்வா மளிகைக்கடைக்காரரு பொண்டாட்டி, இப்பிடி. பின்வாசல்ல இவகிட்டச் சோத்தை வாங்கி, நாப்பதடி சுத்தி வந்து, முன்வாசல்ல அவருகிட்டக் குடுக்கறது. சோறு சூடாவே போச்சு. சேதியும் போச்சு, சண்டை கூடப் போச்சு, "உப்புப் பத்தலைன்னு சொல்லுங்கக்கா", "பத்தலைன்னா வந்து போட்டுக்கச் சொல்லுங்கக்கா"ன்னு. ஒரு நாள் இவ கண்ணாத்தா கையைப் புடிச்சுக்கிட்டு, "அவரு நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு வாங்கக்கா, காய்ச்ச அடிக்குதான்னு"ன்னு கேட்டிருக்கறா. போய்த் தொட்டவ கையை ஒதறிக்கிட்டு வந்தா, எளைக்க எளைக்க அந்த மனுசன் வெளுத்து, தோசைக்கல்லாட்டம் கொதிச்சுக் கெடந்தாரு. "சுடுது அம்மிணி"ன்னா. இவ அந்தச் செவந்த வெரலை வாங்கித் தன் கன்னத்துல வெச்சுக்கிட்டு அழுதா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போலாமுங்க, அதை மட்டும் எப்பிடி எடுத்துட்டுப் போறது?

எடை போட வர்றதும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் ஒண்ணா வர முடியாது, இவ தராசுகிட்ட நின்னா அவரு ரோட்டுக்கு அக்கட்டால எங்கியோ புள்ளியா நிப்பாரு. அதனால வெள்ளிக்கிழமை காலையில அவரு, பொழுதோட அவ.

எங்க எடை மேடைக்கு என்னிக்கும் இல்லாத கூட்டம். சுத்துப்பட்டுல இருக்கற புருசன் பொண்டாட்டியெல்லாம் வரிசையில நின்னாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் நகரல. "பதினெட்டு வருசம் பொங்கிப் போட்டேன், ஒரு கால் கிலோ எனக்குன்னு இந்த மனுசன் குடுத்திருக்கறானா பாருங்க"ன்னு ஒருத்தி தராசு மேலயே உக்காந்து ஒப்பாரி வெச்சா. தண்ணி டேங்கைப் பாத்துத்தான் அருந்ததி காட்டணும்னு ஈரோட்டுல இருந்தெல்லாம் கல்யாணம் வந்துச்சு, டேங்கைப் பாக்கவே கூடாதுன்னு கண்ணைக் கட்டிக்கிட்டு வந்த பொண்ணுகளும் உண்டு. ரெண்டு கட்சிக்கும் சண்டை முத்திப்போயி பஞ்சாயத்துல டேங்குக்கு வானத்துக் கலர்லயே பெயிண்ட் அடிச்சு உட்டாங்க.

நான் மட்டும் ராப்பகலாப் பொலம்பிக்கிட்டுக் கெடந்தேன். "என்னாலதான் அந்தப் புள்ளைக வாழ்க்கை இப்பிடி ஆச்சு, கையை வடக்க நீட்டியிருக்கலாமே"ன்னு ஒரு நாள் சாப்பாட்டுல கையை வெச்சுக்கிட்டு அழுதேன். பாவாயி மோரு ஊத்திட்டே, "நமக்கு வடக்கதான் காட்டுனாங்க"ன்னா. நான் அறுவத்தெட்டு கிலோ, அவ அம்பத்தி நாலு கிலோ, முப்பத்தொரு வருசமா ஒரு கிராம் இங்கயும் அங்கயும் போனதில்ல. சோத்தை அப்பிடியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேனுங்க.

விசயத்தை வெளங்கச் சொன்னது ஜெசிந்தா டீச்சர்தான். பள்ளிக்கூடத்துல பௌதிகம் எடுக்கறவங்க, பழைய பரீட்சைப் பேப்பரு எடை போட வந்தாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, என் சீட்டுப் புஸ்தகத்துப் பின்னாடி ஒரு எட்டு வரைஞ்சாங்க. "ஜோடி நட்சத்திரம்னு உண்டுங்க. எட்டுல இருக்கற ரெண்டு வட்டமும் ரெண்டு வயக்காடுன்னு வெச்சுக்கங்க, கோடுதான் வரப்பு, நடுவுல சேர்ற எடம் மடை. பெருசுக்குத்தான் சீக்கிரம் வயசாகும். வயசானா ஊதும், வரப்பு வரைக்கும் ஊதிட்டா மடை வழியா அடுத்த காட்டுக்கு வழியத்தான் செய்யும். கனமானது லேசானதுக்குக் குடுத்தா ரெண்டும் கிட்ட வரும். லேசானது கனமானதுக்குக் குடுத்தா ரெண்டும் வெலகிப் போகும்"னாங்க.

"குடுக்கறவனைத் தூரமாத் தள்ளறது என்னங்க நியாயம்?"ன்னு எனக்குக் கோவம் வந்துருச்சு.

"நியாயம் இல்லீங்க, கணக்கு. ஆனா முடியல. வாங்குனதுக்கும் ஒரு நாள் வயசாகும், அதுவும் ஊதும். அதோட வரப்பு நெறஞ்சா திரும்பி இந்தப் பக்கம் ஒழுகும். அப்பக் கனத்ததுல இருந்து லேசானதுக்கு வரும், மறுபடியும் கிட்ட வருவாங்க."

"எப்பங்க டீச்சர்?"

"நட்சத்திரத்துக்குக் கோடி வருசங்க. மனுசங்களுக்கு எவ்வளவுன்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடல"ன்னு சொல்லிட்டு, பேப்பருக்கு எடைச்சீட்டுக் கூட வாங்காமப் போயிட்டாங்க.

கோகிலாகிட்ட அந்த எட்டைக் காட்டுனேன். கிழிச்சு வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

நாலாவது வருசம். அவரு முப்பது கிலோ, இவ நூத்திப் பதினஞ்சு. டாக்டரு என்னைத் தனியாக் கூப்புட்டு, "இருவத்தஞ்சுக்குக் கீழ எறங்குனா ஆளு தங்காதுங்க"ன்னாரு. ஐயரைத் தேடிப் போனேன். அவரு கண்ணை மூடி ரோசனை பண்ணி, "வடக்க சரியாக் காட்டினா நின்னுடும். ஆனா இருக்கற எடத்துல நிக்கும். இப்ப என்ன தூரமோ அது ஆயுசுக்கும் அதே தூரந்தான்"னாரு. ஆளாவது மிஞ்சுமேன்னு நெனைச்சேன். முன்வாசலுக்குப் போயி அர்த்தநாரியக் கேட்டேன், "நிறுத்திப்புடலாமுங்களா மாப்பிள்ளை?" அவரு வெள்ளை வெளேர்னு கட்டில்ல உக்காந்திருக்கறாரு, அந்தக் கூடத்துக்கு லைட்டே வேண்டாம். "அவ என்ன சொல்றாளுங்க?"ன்னாரு. நாப்பதடி சுத்திப் பின்வாசலுக்கு வந்தேன். "அவரு என்ன சொன்னாருங்க மாமா?"ங்கறா. திரும்பப் போனேன். "அவளுக்கு எது நல்லதோ அதுங்க." திரும்ப வந்தேன். "அவருக்கு எது நல்லதோ அதுங்க." ஏழு தடவை சுத்துனேனுங்க, எட்டாவது தடவை செருப்பைக் கழட்டி எறிஞ்சுட்டு, "நான் என்ன ஷண்டிங் இஞ்சினா? நானே முடிவு பண்றேன்"னு ஐயரைக் கூட்டியாந்துட்டேன்.

காலையில பத்து மணி, பின்வாசல்ல ஊரே கூடி நிக்குது. இந்தத் தடவை வீடியோக்காரனைக் கிட்டயே சேக்கல. ஐயரு வடக்க பாத்து, அளந்து, வெரலை நீட்டி, "தெரியறதா கொழந்தே?"ன்னாரு. கோகிலா பாத்தா. கண்ணுல தண்ணி நின்னுச்சு.

"தெரியுதுங்க சாமி. நல்லாத் தெரியுது. ரெண்டும் பளிச்சுன்னு, எவ்வளவு அழகா இருக்குதுங்க. ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே ஓடலீங்களே"ன்னா. சொல்லிட்டுக் கெழக்க திரும்பி, டேங்கு இருந்த பக்கமாப் பாத்து நின்னுக்கிட்டா. "எனக்கு இதே போதுங்க. என்னைக்காவது திரும்புமில்லீங்க. அதை நிறுத்திப்புட்டா திரும்பறதுக்கு என்ன இருக்குது?"

நான் பேசுன பேச்சு எனக்கே அடுக்காதுங்க. "திரும்பறதுக்குள்ள அந்த மனுசன் காத்தாப் போயிட்டா? நீ கொலைகாரியாயிருவ"ன்னு ஊரு முன்னால சொல்லிப்புட்டேன். அன்னியில இருந்து வெள்ளிக்கிழமை எடை போடறதைத் தவுத்து நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. இருவத்தொம்பது. இருவத்தெட்டு. இருவத்தேழு. காலையில அவரு தராசுல ஏறுறப்ப நான் கண்ணை மூடிக்குவேன், பாவாயிதான் படிச்சுச் சொல்லுவா. இருவத்தாறு. கோகிலா நூத்திப் பத்தொம்பது, நடந்தா மூச்சு வாங்குது, மொகம் ஊதிச் செவந்து போச்சு, கல்யாணத்தன்னிக்கு அவரு இருந்த அதே செவப்பு. தெருவுல பூரா அடுப்புப் பத்த வெக்காமக் கூட அந்த வெள்ளிக்கிழமைக்குக் காத்துக் கெடந்தாங்க.

வந்துச்சு வெள்ளிக்கிழமை. காலையில அவரு ஏறுனாரு. பாவாயி சத்தமே காணோம். "என்னடி, சொல்லித் தொலை"ன்னேன். "நீங்களே பாருங்க"ன்னா. இருவத்தாறு கிலோ நூறு கிராம். தராசு கெட்டுப் போச்சுன்னு நெனைச்சேன். இருவது கிலோ எடைக்கல்லை வெச்சுப் பாத்தேன், சரியா இருவது. பொழுதோட கோகிலா வந்தா, கையப் புடிச்சுத்தான் ஏத்த வேண்டியிருந்துச்சு. நூத்திப் பதினெட்டு கிலோ தொளாயிரம். நான் முள்ளைத்தான் கையால காட்டுனேன். அவ பாத்தா. தராசு மேலயே சப்பணம் போட்டு உக்காந்து, "கெளம்பிருச்சு மாமா, கெளம்பிருச்சு மாமா"ன்னு என் வேட்டியப் புடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதா. நானும் அழுதேன். மன்னிச்சுக்கோன்னு கேட்டேன், அவ காதுல விழுந்துச்சான்னு தெரியல.

மறுநா காலையில பின்வாசல்ல போயிப் பாத்தா, அடுப்பைத் தொடைச்சு வெச்சிருக்கறா, ஒரு பையில ரெண்டு சேலை, ஒரு தூக்குல கட்டுச்சோறு. "ஏங்கண்ணு, எதுக்கு அவசரம்? இனித் தானாக் கிட்ட வரும், தை பொறக்கறதுக்குள்ள பத்து எட்டா ஆயிரும், இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு மூணு நாள் எப்பிடி நடப்ப?"ன்னேன்.

"அது பாட்டுக்கு அது சுருங்கட்டுங்க மாமா, நான் பாட்டுக்கு நான் நடக்கறேன். ரெண்டும் சேந்தா வெரசாப் போயிரலாமில்ல"ன்னா. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, சமையக்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கற வாசப்படியைத் தாண்டிக் காலை வெச்சுட்டுத் திரும்பி, "போறேனுங்க மாமா"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம பக்கம் எவனாவது அந்தச் சொல்லைச் சொல்லுவானுங்களா? மாட்டை ஓட்டிட்டுப் போனாலும், மலையேறிப் போனாலும், "வர்றேனுங்க"ன்னுதான் சொல்லிட்டுப் போவோம், எழவு ஊட்டுல கூட ஒண்ணும் சொல்லாமத்தான் கெளம்புவோம். "வாயில என்ன வார்த்தை வருது? வர்றேன்னு சொல்லு கண்ணு"ன்னேன்.

அவ சிரிச்சா. நாலு வருசத்துல நான் பாக்காத சிரிப்பு. "எதுக்குங்க மாமா பொய்யி? இனி நான் இந்தப் பக்கம் வரப் போறதில்லீங்களே. போறேனுங்க."

பொறந்து அறுவது வருசத்துல மொத மொதலா ஒருத்தரைப் பாத்து, வாய் நெறயச் சொன்னேனுங்க: "சரி, போ கண்ணு."